ஆயுட்காலத் தீபமேற்றுநர்

"வெள்ளைச் சேலைன்னு தீர்மானத்துலயே இருக்கு மதினி. பச்சையில வந்து நின்னா போட்டோவுல சோகம் எப்படித் தெரியும்?"

"சோகம் தெரியணும்னா நீ கட்டிக்கிட்டு நில்லு. எங்க கிறிஸ்தவ ஆட்கள்ல பாதிப் பேரு வெள்ளைச் சேலையிலதான் கல்யாணமே முடிக்கோம். வெவரம் தெரியாது, தீர்மானம் மட்டும் போடத் தெரியும்."

"ஏன் சத்தம் போடுதீக? தெருவே பாக்குது."

தெரு பார்க்கத்தான் செய்தது. மற்றவர்கள் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். எனக்கு அந்த ஒளிவுமறைவு கிடையாது. வாசல் தெளிக்கிற சாக்கில் வாளியோடு வந்து நின்றுவிட்டேன். காலையிலேயே ஒரு தடவை தெளித்த வாசல்தான்.

சேலைப் பொட்டலத்தை நீட்டியபடி நின்றவள் செல்வலட்சுமி, மாவீரர் ரோஷன் நினைவுப் போற்றுதல் குழுவின் மகளிர் அணித் தலைவி. அதை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் சந்தனமேரி, ரோஷனைப் பெற்றவள், என் எதிர்வீட்டுக்காரி. உள்ளே பச்சைச் சேலை கட்டி, ஒன்றும் நடக்காததுபோலத் தலை சீவிக்கொண்டிருந்தவள் ஜெனிலா, ரோஷனின் மனைவி. அன்று ரோஷனின் ஆறாவது நினைவு நாள். ராஜபாளையம் முழுக்க அவன் படம் ஒட்டியிருந்தது. குழுத் தலைவர் பாண்டிதுரையின் படத்துக்குக் கீழே, சின்னதாக.

"இந்த ஒரு வருசம் கட்டச் சொல்லுங்க மதினி. அடுத்த வருசம் பேசிக்கிடலாம்" என்றாள் செல்வலட்சுமி.

"அடுத்த வருசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. அவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு."

பொட்டலம் கீழே விழுந்தது. என் வாளியும் லேசாகச் சரிந்தது. எனக்கே தெரியாத செய்தி. எதிர்வீட்டில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

ரோஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடக்கே எல்லையில் சண்டை மூண்ட அந்த வருடம், ராணுவத்தில் பாலம் போடுகிற பிரிவில் இருந்தான். குண்டு விழுந்து இறந்துபோனான். வயது இருபத்தாறு. கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. பெட்டி வந்த அன்று தென்காசி ரோட்டில் கடைகளை யாரும் சொல்லாமலே அடைத்தார்கள். ஊரே அழுதது. நானும் அழுதேன். அது நிஜமான அழுகை. அப்போது குழு கிடையாது.

குழு அடுத்த வருடம் பிறந்தது. ரைஸ்மில் பாண்டிதுரை தலைவர். இன்சூரன்ஸ் விஜயபாண்டி செயலாளர். முதல் விழாவில் ஒரு படம், கொஞ்சம் மெழுகுவர்த்தி, எல்லாருக்கும் சுக்குக் காப்பி. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. இரண்டாம் வருடம் மேடை போட்டார்கள். மூன்றாம் வருடம் அய்யனார் கோவில் வரைக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். தலைவர் ஜீப்பில் முன்னால் போய் முதலாவதாக வந்தார். நான்காம் வருடம் ஒரு வெள்ளை வேட்டைநாய்க்கு ராணுவச் சட்டை தைத்துப் போட்டு, படத்துக்கு முன்னால் காவலுக்கு நிறுத்தினார்கள். ராஜபாளையத்து நாய் இல்லாமல் ராஜபாளையத்து வீரனா என்று தலைவர் கேட்டார். ரோஷனுக்கு நாய் என்றால் குலை நடுக்கம். தெருமுனையில் குட்டிநாய் படுத்திருந்தாலே பின்தெரு வழியாகச் சுற்றிப் போவான். அதைச் சொல்லத்தான் அவன் அப்பா நேசையன் மேடையேறினார். வாயைத் திறப்பதற்குள் சால்வையைப் போர்த்தி இறக்கிவிட்டார்கள்.

நேசையனுக்கு எப்போதும் அதுதான் நடக்கும். பஞ்சர் கடை வைத்திருக்கிற மனிதர். ஒவ்வொரு விழாவிலும் மகனைப் பற்றி ஏதோ சொல்ல எழுந்திருப்பார். எழுந்தவுடன் சால்வை விழும். அந்தச் சால்வைகள்தான் கடையில் டியூப்களை வெயில் படாமல் மூடியிருக்கின்றன. ஐந்தாம் வருடம் மாவீரர் ரோஷன் விருது அறிவித்தார்கள். யாருக்கு என்று கேட்க வேண்டாம். அதைத் தலைவரே தலைவருக்கு வழங்கினார். ஏற்புரையில், "எனக்கும் பட்டாளத்துக்குப் போகணும்னு துடிப்பு இருந்துச்சு. நெஞ்சளவு இருந்துச்சு, உயரம் இருந்துச்சு. மில்லப் பாக்க ஆளு இல்லைன்னு எங்கய்யா அழுதாரு. நாட்டப் பாக்க ஆளு இருக்கு, மில்லப் பாக்க நான்தான்னு முடிவெடுத்தேன். அந்தத் தியாகத்த எவன் பேசுதான்?" என்று கண்ணைத் துடைத்தார். அரிசி வாங்குகிற ஆட்கள் கை தட்டினார்கள்.

இத்தனையிலும் ஜெனிலாவுக்கு ஒரே வேலை. வெள்ளைச் சேலையில் வந்து விளக்கேற்ற வேண்டும்; செய்திக்காரர்கள் கேட்டால் அழ வேண்டும். முதல் வேலையைச் செய்தாள். இரண்டாவதைச் செய்யவே இல்லை. அதில் குழுவுக்கு அவள்மேல் மனத்தாங்கல் உண்டு.

சரி, மாப்பிள்ளை யார்? அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன். மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டியை ஏன் அத்தனை குறுக்காக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதில் ஜெனிலா உட்கார்ந்து, எந்தக் கேமராவிலும் சிக்காமல் நிம்மதியாக வடை தின்றுகொண்டிருந்தாள். பெட்டியை வைத்தவன் செல்வின், ஸ்ரீவில்லிபுத்தூர் மைக்செட்காரன். வருடா வருடம் அவன்தான் வருகிறான். வருடா வருடம் பெட்டி அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் கண் இல்லை.

விழா முடிந்த மறுநாள், நேசையன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ரைஸ்மில்லுக்குப் போனார். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை என்று நினைத்தார். அங்கே அவசரச் செயற்குழு நடந்துகொண்டிருந்தது. அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது மில்லில் டீ கொடுக்கிற பால்ச்சாமி. அவன் கூட்டிச் சொல்லக்கூடியவன் இல்லை, அதற்கு வேண்டிய கற்பனை அவனிடம் கிடையாது.

"உங்க மருமக நம்ம குழுவோட ஆயுட்காலத் தீபமேற்றுநர்" என்றார் விஜயபாண்டி. "விதியில இருக்கு. பதவிக்காலம் முடியாம எப்படிக் கல்யாணம் முடிப்பாக?"

"பதவிக்காலம் எப்ப முடியும் தம்பி?"

"ஆயுட்காலம்னா ஆயுட்காலம்தான்."

"யாரோட ஆயுசு?" என்று கேட்டார் நேசையன். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்குக் கிண்டல் வராது. ஆனால் அந்தக் கேள்வியில் செயற்குழு மாட்டிக்கொண்டது. ஜெனிலாவின் ஆயுளா, தலைவரின் ஆயுளா, குழுவின் ஆயுளா என்று இரண்டு டீ குடிக்கும்வரை விவாதித்தார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு முப்பதுகூட ஆகலையே. எங்களுக்குப் பொறவு அவளுக்கு யாரு இருக்கா?" என்றார் நேசையன்.

"குழு இருக்கு" என்றார் விஜயபாண்டி.

கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார். "நேசையா, நீரு உம்ம கஷ்டத்த மட்டும் பாக்கீரு. உமக்கு ஒரு தடவை இழப்பு வந்துச்சு, முடிஞ்சிபோச்சு. எனக்கு அப்படியா? வருசா வருசம் இழப்ப ஏற்பாடு பண்ணணும். பந்தல்காரனப் பாக்கணும், போலீஸ்ல அனுமதி வாங்கணும், கூட்டம் சேக்கணும். துக்கம்னா என்னன்னு எனக்குல்லா தெரியும்."

நேசையன் யோசித்துப் பார்த்து, "ஆமா அண்ணாச்சி, உங்களுக்குச் சிரமம்தான்" என்றார்.

பெருந்தன்மையாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. வீரரின் மனைவி மறுமணம் செய்துகொள்வதைக் குழு கொள்கை அளவில் வரவேற்கிறது. பெண்விடுதலையில் குழு யாருக்கும் சளைத்ததல்ல. எனவே நினைவு விழாவின் வெள்ளிவிழா சிறப்பாக நடந்து முடிந்தபின் அவர் திருமணம் செய்துகொள்ளலாம். செலவில் பாதியைக் குழுவே ஏற்கும். நேசையன் வீட்டுக்கு வந்து சொன்னபோது சந்தனமேரி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். அப்போது ஜெனிலாவுக்கு ஐம்பது நெருங்கியிருக்கும்.

"வாழைப்பழத்தத் திருப்பி வாங்கிட்டு வந்தீரா?" என்று மட்டும் கேட்டாள்.

"அத அவிய தின்னுட்டாக."

ஜெனிலா உள்ளேயிருந்து வந்தாள். ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறாள், அளந்துதான் பேசுவாள். "மாமா, நான் அவகள்ட்ட அனுமதி கேக்கப் போகச் சொல்லலயே. ஃபாதர்ட்ட போய் ஓலை எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார். நான் பிறந்து இத்தனை வருடத்தில் யாரும் எழுந்து சொன்னதில்லை. சொல்ல இருப்பவர்கள் தனியாகப் பீடத்துக்குப் பின்னறையில் போய்க் காதில் சொல்வார்கள். மற்றவர்கள் என்னிடம் சொல்வார்கள்.

முதல் ஓலை சத்தமில்லாமல் முடிந்தது. சத்தம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. ரோஷன் பிறந்தது அந்த ஊர் ஆஸ்பத்திரியில் என்பதால் அங்கேயும் அவன் பேரில் ஒரு பேரவை வைத்திருந்தார்கள். தீபம் ஏற்ற ஆளில்லாமல் கவுன்சிலரை வைத்து ஏற்றிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த பேரவை. திங்கட்கிழமை காலையில் தேரடி முழுக்கப் போஸ்டர்: 'எங்கள் ஊர் மருமகளாக வரும் வீரமங்கையே வருக! இனி தீபம் இங்கே!'

பாண்டிதுரை காரில் போய் அந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று பால்ச்சாமி சொன்னான். மகன் பரீட்சையில் தோற்றபோதுகூட அப்படி இருந்ததில்லையாம். "அவ யாரையும் கட்டட்டும். தென்காசிக்காரனக் கட்டட்டும், சங்கரன்கோவில்காரனக் கட்டட்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தீபம் போகக்கூடாது" என்றாராம்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு நான் சீக்கிரமே போய்விட்டேன். போனது நல்லதாகப் போயிற்று. வெள்ளைச் சட்டையில் முழுச் செயற்குழுவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. கடைசி வரிசையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேரவை, மடியில் பால்கோவா டப்பாக்களோடு. எல்லாரும் முழங்கால் போடும்போது குழு எழுந்து நின்றது; எல்லாரும் எழுந்தபோது உட்கார்ந்தது. நற்கருணை அப்பம் வாங்குகிற வரிசையில் விஜயபாண்டி பிரசாதம் என்று நினைத்துப் போய் நின்றுவிட்டார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

ஃபாதர் ஆல்வின் இளவயதுக்காரர். பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிப்பார் என்பதால் எங்களுக்கெல்லாம் பிடிக்கும். ஓலையை எடுத்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர் பங்கைச் சேர்ந்த செல்வினும், நம் பங்கைச் சேர்ந்த, மறைந்த ரோஷனின் மனைவி ஜெனிலாவும் திருமணம் செய்யவிருக்கிறார்கள். இது இரண்டாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

இதை நாங்கள் அறிவிப்பாகக் கேட்போம். பாண்டிதுரை அழைப்பாகக் கேட்டார். தன்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டு எதிரில் மைக்கும் வைத்திருக்கும்போது அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? எழுந்து நேராகப் போய், முதலில் ஃபாதருக்குச் சால்வை போர்த்தினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, எனக்குப் பின்னால் சிலுவையில்..." என்று ஆரம்பித்து, அங்கே நிறுத்தி, கும்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். "இந்தத் திருமணத்தை மாவீரர் ரோஷன் நினைவுப் போற்றுதல் குழு ஆட்சேபிக்கிறது."

கோயிலில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதுவும் நிறுத்திவிட்டது.

ஃபாதர் பதறவில்லை. சால்வையை மடித்து வைத்தார். "தடைன்னா எங்களுக்கு ஒருசில காரணம்தான்யா. பொண்ணும் மாப்பிள்ளையும் நெருங்கின சொந்தமா?"

"இல்ல."

"கட்டாயப்படுத்திக் கட்டி வைக்காகளா?"

"இல்ல. அந்தப் பொண்ணு பிடிவாதமால்ல இருக்கு."

"அப்ப ஏற்கெனவே கட்டினவர் உயிரோட இருக்கணும்."

பாண்டிதுரையின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடம் மேடையில் பேசிய பேச்சுக்கெல்லாம் கடைசியில் ஒரு பிரயோசனம் வந்துவிட்டது. "உயிரோடதான் இருக்கார். யாரு சொன்னா செத்துட்டார்னு? மாவீரனுக்குச் சாவு உண்டா? ரோஷன் சாகவில்லை. நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்!" முன்வரிசை கை தட்டியது. செல்வலட்சுமி மட்டும் தட்டுவதா வேண்டாமா என்று சுற்றிப் பார்த்தாள்.

"அப்படியா?" என்றார் ஃபாதர். "அப்ப இந்தக் கல்யாணத்த நான் நடத்தி வைக்க முடியாது. நீங்க வேதத்துல கைவச்சு இதச் சொன்னாப் போதும். அவர் உயிரோட இருக்கார், எனக்குத் தெரியும்னு."

வேதப்புத்தகத்தை நகர்த்தி வைத்தார். பாண்டிதுரை கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் நேசையன் எழுந்தார். சால்வை விழுவதற்கு அங்கே வழியில்லை. இருந்த ஒன்றும் ஃபாதரிடம் இருந்தது.

"அண்ணாச்சி" என்றார். "அவன் எங்க இருக்கான்னு சொல்லுங்க. நான் இப்பவே கல்யாணத்த நிறுத்திருதேன். செல்வின் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். எனக்கு அவன் வந்தாப் போதும்."

முன்பே சொன்னேன், அவருக்குக் கிண்டல் வராது. கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார். கண்ணில் ஒரு விநாடி என்னவோ தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் ஜெபப்புத்தகத்தைப் புரட்டினேன்.

பாண்டிதுரை மைக்கைவிட்டுத் தள்ளி நின்று முனகினார்.

"மைக்ல சொல்லுங்க" என்றார் ஃபாதர்.

"இறந்துட்டாரு."

"யாரு?"

"ரோஷன். ரோஷன் இறந்துட்டாரு."

ஆறு விழா, அத்தனை பேச்சு. யாரும் அதை எந்த மைக்கிலும் சொன்னதில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஜெனிலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். படம்பிடிக்க யாரும் இல்லாத நேரத்தில்.

நேசையன் மெதுவாக நடந்துபோய் மைக்குக்கு முன்னால் நின்றார். "எம்மகன் நல்லாத் தூங்குவான்" என்றார். "காலையில அவன எழுப்புததுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிரும். பட்டாளத்துல எப்படி எந்திரிச்சானோ தெரியல. லீவுல வந்தப்பக் கேக்கணும்னு இருந்தேன். கடை வேலையில கேக்காம விட்டுட்டேன்." கும்பிட்டார். "அம்புட்டுத்தான். ரொம்ப நாளாச் சொல்லணும்னு நினைச்சேன்." வந்து உட்கார்ந்தார்.

ஃபாதர் ஓலையை மடித்து, "தடை ஏதும் இல்லை" என்றார். பின்வரிசையில் பேரவைக்காரர்கள் அதைத் தங்கள் வெற்றியாக எடுத்துக்கொண்டு பால்கோவாவைப் பிரித்தார்கள். ராஜபாளையம் குழு அதைத் தொடவில்லை. விஜயபாண்டி மட்டும் ஒரு டப்பா வாங்கினார், வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் யாரும் இல்லையாம்.

கல்யாணம் தவக்காலம் கழிந்த பிறகு நல்லபடியாக முடிந்தது. பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்து ஒப்படைத்தது நேசையன்தான். பேரவை ஒரு குத்துவிளக்கோடு வந்திருந்தது. சந்தனமேரி அதை வாங்கிக்கொண்டு, "அடுப்பங்கரையில கரண்டு போனா ஏத்திக்கிடுவோம்" என்றாள். பேரவைக்கு அதுவும் நிலைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் செல்வின் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையை விட்டுவிட்டு சுந்தரபாண்டியத்தில் இடம் பார்த்துக் குடியேறிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, அந்த ஊரில் இன்னும் குழு கிடையாது என்றான்.

ஏழாம் வருட விழாவை எங்கள் ஊர்க் குழு விட்டுவிடவில்லை. பாண்டிதுரை தன் சொந்த மருமகளுக்கே வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்து விளக்கேற்ற வைத்தார். புருசன் பக்கத்திலேயே உயிரோடு நிற்க அந்தப் பெண் விளக்கேற்றினாள். மறுநாள் தேனிக்குப் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டிவரப் போன மகனும் அங்கேயே தங்கிவிட்டான். மாமனாருக்கு ஏலக்காய் வியாபாரமாம். செல்வலட்சுமி மகளுக்குப் பிரசவம் பார்க்கத் திருப்பூர் போனவள், திரும்பி வருகிற எண்ணத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. நேசையனும் சந்தனமேரியும் பஞ்சர் கடையைத் தூக்கிக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்கே போய்விட்டார்கள். போன மாதம் ஜெனிலாவின் குழந்தையைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் என்கிற பெண் வந்து உட்கார்ந்து எனக்கே விவரம் சொன்னாள். "நேசையன் அண்ணாச்சிக்கு ஒரு மகன், ஒரு மக. மகன் பட்டாளத்துல சண்டையில செத்துப்போனான் பாவம், அந்தா இருக்கு படம். மகதான் இந்தப் பிள்ளை. மாப்பிள்ளை மைக்செட் வச்சிருக்காரு, தங்கமான ஆளு."

படத்தில் ரோஷன் சிரித்துக்கொண்டிருந்தான். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ஜெனிலா தலையைத் தூக்கவில்லை. நேசையன், "ஆமா, மாப்பிள்ளை நல்ல மாதிரி" என்றார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முறையைத் திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன்.

சந்தனமேரி என் காலை நன்றாக அழுத்தி மிதித்தாள்.